எல்லாம் தெரிந்த ராசா

நேற்று அப்பா புது ஸ்டாம்ப் பேடைப் பிரித்து மை ஊற்றினார். ஊதா மை. அதன் வாசம் கூடத்தைத் தாண்டி நான் பேப்பர் திருத்திக்கொண்டிருந்த அறைக்குள் வந்ததுமே சன்னலைத் திறந்துவிட்டேன். மை வாசத்துக்குச் சன்னலைத் திறக்கிற டீச்சர் இந்த ஹட்டன் பக்கத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அப்பா இப்போது முத்திரை குத்திச் சான்றிதழ் கொடுக்கிற சமாதான நீதவான், தெரியுமா? நீ இந்தியாவுக்குப் போன பிறகு கிடைத்த பட்டம். தோட்டத்துப் பெரிய கிளாக்கர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பஸ் பாதையோரம் இந்த வீட்டை எடுத்து, வாசலில் பலகையும் மாட்டியிருக்கிறார். சுற்றுவட்டாரத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நன்னடத்தைச் சான்றிதழ் வேண்டுமென்றால் இங்கேதான் வர வேண்டும். நேற்று வந்தவள் புஷ்பம், என் மாணவி. நம் பழைய தோட்டத்து மாரியாயி அக்காவின் மகள். ஆசிரியர் கலாசாலைக்கு விண்ணப்பம் போடுகிறாள். வெள்ளிக்கிழமை தபாலில் சேர்த்தால்தான் உண்டு. அப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே அவளிடம் சொன்னது சுவருக்கு இந்தப் பக்கம் தெளிவாகக் கேட்டது.

"பேப்பர வச்சிட்டுப் போ புள்ள. இதெல்லாம் அவசரத்துல எழுதக் கூடாது. வியாழக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு வா. கூட்டம் சேத்துக்கிட்டு வராத, தனியா வா."

வியாழக்கிழமை நாலு மணிக்கு நான் டவுனில் வகுப்பு எடுத்துக்கொண்டிருப்பேன். அம்மா இறந்து மூன்று வருடமாகிறது. வீட்டில் வேறு யாரும் இருக்கமாட்டார்கள். அந்தப் பிள்ளை "சரிங்க ஐயா" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் சிவப்புப் பேனாவைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. என்னைத்தான் உனக்குத் தெரியுமே.

நான் திருத்திக்கொண்டிருந்தது என்ன என்று சொன்னால் நீ சிரிப்பாய். நாம் படித்த அதே பழைய இங்கிலீசு நாடகம். பாடத்திட்டத்தில் மறுபடியும் வந்துவிட்டது. நானூறு வருடத்துக்கு முன்னால் எவனோ எழுதியது நம் தலையில் வந்து விடிகிறது. 'அதிகாரமும் ஒழுக்கமும் பாசாங்கும் இந்நாடகத்தில் எவ்வாறு காட்டப்படுகின்றன' என்று நானேதான் கேள்வி கொடுத்திருந்தேன். கேள்வி கேட்க எனக்கு என்ன கொழுப்பு பார்.

கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் அந்த வகுப்பில் ஆறே ஆறு பேர். நான் கிளாக்கர் மகள். வெள்ளைச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வருவேன். நீ எங்கள் தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீட்டிலிருந்து, லயத்திலிருந்து, வந்தவள். மழைக்கு உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்து, வாசலில் சுருட்டி வைத்துவிட்டு உள்ளே வருவாய். இங்கிலீசு என்னைவிட உனக்கு நன்றாக வரும். அதில் எனக்குப் பொறாமை இருந்தது. இப்போது சொல்லிவிடுகிறேன், இனி மறைத்து என்ன ஆகப் போகிறது.

கதை உனக்கு மறந்திருக்காது. ராசா ஒருவன், ஒழுக்கத்துக்குப் பேர் போன அதிகாரி ஒருவனிடம் ஊரை ஒப்படைத்துவிட்டு வெளியூர் போவதாகச் சொல்கிறான். ஆனால் போகவில்லை, சாமியார் வேடம் போட்டுக்கொண்டு ஊருக்குள்ளேயே சுற்றுகிறான். கலியாணத்துக்கு முன் ஒருத்தியைக் கர்ப்பமாக்கிய வாலிபனுக்கு அந்த அதிகாரி மரண தண்டனை விதிக்கிறான். வாலிபனின் தங்கை, மடத்தில் சேரப் போகிறவள், வந்து மன்றாடுகிறாள். அண்ணன் உயிருக்கு விலையாக அவளையே கேட்கிறான் அந்த உத்தமன். 'ஊருக்கு உபதேசமடி பெண்ணே, உனக்கில்லை' என்று நீ மெதுவாகச் சொன்னாய். வகுப்பே சிரித்தது.

இவர்களில் யார் பெரிய குற்றவாளி என்று சிஸ்டர் கேட்டார். அதிகாரிதான் என்று நாங்கள் ஐந்து பேரும் சொன்னோம். நீ எழும்பி நின்று வேறு சொன்னாய்.

"அவன் கெட்டவன், சரி சிஸ்டர். ஆனா இந்த ராசாவுக்கு எல்லாம் தெரியுது. ஒளிஞ்சு நின்னு ஒட்டுக் கேக்குறான். அந்தப் புள்ள அழுவுறதப் பாத்துக்கிட்டே நிக்கிறான். அப்பவே வேசத்தக் கலைச்சுட்டு ஒரு சத்தம் போட்டிருந்தா முடிஞ்சிருக்கும். இவன்தான் பெரிய கள்ளன்."

இப்படி எழுதினால் பரீட்சையில் புள்ளி கிடைக்காது என்றார் சிஸ்டர். எல்லாம் அறிந்து பொறுமையோடு காத்திருக்கும் அந்த ராசா இறைவனின் சாயல் என்று நான் எழுதினேன். எனக்குப் புள்ளி கிடைத்தது.

பரீட்சை முடிந்த வருடம் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு டீச்சர் வேலை வந்தது. தோட்டமே போடுகிற வேலை. துரை கையெழுத்துப் போடுவார். ஆனால் யாருக்குப் போடுவது என்பது பெரிய கிளாக்கர் எழுதிக் கொடுக்கிற நன்னடத்தைக் கடிதத்தில்தான் இருந்தது. எனக்கு அது வேலை மட்டும்தான். உனக்கோ நாடே அதில் இருந்தது. தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்புகிற ஒப்பந்தத்தில் உங்கள் வீட்டுக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்து டிரங்குப் பெட்டியில் கிடந்தது. நீ டீச்சராகிவிட்டால் பெட்டியைத் திறப்பதே இல்லை என்று உன் அய்யா சொல்லியிருந்தார். "கண்ணால காணாத ஊருக்குப் போயி நான் என்னா புள்ள செய்யப் போறேன்" என்று நீ என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பாய்.

அப்பாவின் கடிதத்தைப் பற்றி நாம் இரண்டு பேருமே கவலைப்படவில்லை. மாதா கோயிலில் முதல் வரிசை அவருக்கு. வீட்டைவிட்டு ஓடிப்போய்க் கலியாணம் செய்துகொண்ட ஒரு பெண்ணின் பெயரைக் கோயில் பாட்டுக் குழுவிலிருந்து வெட்டியவர். குடித்துவிட்டுக் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு வந்தவனுக்கு ஒரு கிழமை வேலை கொடுக்காமல் நிறுத்தியவர். லயத்து ஆட்கள் அவரைக் கண்டால் சாரத்தை இறக்கிவிட்டுக்கொண்டு ஒதுங்கி நிற்பார்கள். என் அப்பாவைப் போல ஒழுக்கமானவர் அந்த மலையிலேயே இல்லை என்று நான் சத்தியமாக நம்பினேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஆபீஸ் பூட்டிய பிறகு உன்னை வரச் சொல்லியிருக்கிறார். நான் கோயிலுக்குப் பூ வைத்துவிட்டு இறங்கி வந்தேன். மலைத்தண்ணீர் விழுகிற பீலிக்கரையில் நீ கை கழுவிக்கொண்டு நின்றாய். கழுவிக் கழுவித் தோல் சிவந்திருந்தது. மணிக்கட்டைச் சுற்றி ஊதா மை. நாலு விரல் பதிந்த தடம். நீ வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே எனக்கு விளங்கிவிட்டது. அதைத்தான் இத்தனை வருடமும் விளங்கவில்லை என்று சாதித்து வந்திருக்கிறேன்.

"ஒங்கப்பா கதவச் சாத்திட்டாரு" என்றாய். "கைய உருவிக்கிட்டு ஓடி வந்துட்டேன். ஒண்ணும் ஆகல. ஆனா கடிதம் வேணும்னா மறுபடி வான்னு சொல்றாரு. ஒங்கம்மாகிட்டயாவது சொல்லு புள்ள. அவுங்க சொன்னா கேப்பாரு."

நான் என்ன சொன்னேன் என்பது உனக்கு மறந்திருந்தால் நல்லது. எனக்கு மறக்கவில்லை. "நீ சரியாத்தான் வெளங்கிக்கிட்டியா?" என்று கேட்டேன். கண்முன்னே தடம் இருக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.  நீ பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு, "சரி விடு, மழ வரப் போவுது" என்றாய். அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் அப்பா செபமாலை சொல்ல, நாங்கள் முட்டிபோட்டிருந்தோம். மணியை உருட்டுகிற அவருடைய பெருவிரலில் அதே மை. அம்மா பக்கத்தில் கண்ணை மூடியிருந்தார். சொல்ல வேண்டும், இந்தச் செபம் முடிந்ததும் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அம்மாவுக்கு நெஞ்சு வலி வந்துவிடுமோ, அப்பா என்னை அடிப்பாரோ, என் வேலை போய்விடுமோ என்று ஒவ்வொரு மணிக்கும் ஒரு பயம் வந்தது. செபம் முடிந்தது. நான் சோறு தின்றேன். தின்றேன் என்பதை இப்போது எழுதவே கூசுகிறது.

உனக்குக் கடிதம் வரவில்லை. 'நடத்தை திருப்தியில்லை' என்று துரையிடம் அப்பா சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன். உனக்கென்று இருந்த இடத்துக்கு வேறு தோட்டத்து ஆள் வந்தார். எனக்கு வேலை கிடைத்தது. இன்டர்வியூவில் சரியாகப் பதில் சொல்லவில்லை என்று உன் வீட்டில் நீ சொல்லிவிட்டாயாம். உன் அய்யா டிரங்குப் பெட்டியைத் திறந்தார்.

ஹட்டன் ஸ்டேஷனில், இந்தியாவுக்குப் போகிறவர்களை ஏற்றுகிற அந்த ஒப்பாரிக் கோச்சியில், அந்த ரயிலில், உங்களை ஏற்றிவிட வந்தேன். மேடை முழுக்கக் கட்டிப்பிடித்து அழுகை. எல்லாவற்றையும் உன்னிடம் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாக்கியம் வாக்கியமாக மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தேன். சன்னலண்டை நின்று, "போய்ச் சேர்ந்ததும் கடிதம் போடு" என்றுதான் சொல்ல முடிந்தது. "நல்லா இரு புள்ள" என்றாய் நீ. கோத்தகிரிப் பக்கம் அங்கேயும் தேயிலைதான் என்று ஒரே ஒரு கடிதம் வந்தது. போன வருடம், காய்ச்சலில் நீ போய்விட்டதாக உன் தம்பி எழுதியிருந்தான்.

அதற்குப் பிறகும் நான் அந்த நாடகத்தைப் பாடம் நடத்துகிறேன். அதிகாரியைத் திட்டித் தீர்க்கிறேன். பிள்ளைகள் மளமளவென்று எழுதிக்கொள்கிறார்கள். ராசாவைப் பற்றி யாராவது கேட்டால் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறேன்.

இன்றைக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் நேராக நம் தோட்டத்துக்குப் போனேன். லயத்துப் படியை ஏறினேன். என்ன சொல்வது, எப்படிச் சொல்வது, சொந்தத் தகப்பனைப் பற்றி எந்த வாயால் சொல்வது. மாரியாயி அக்கா அப்போதுதான் மலையிலிருந்து வந்து, கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்.

"புஷ்பத்த நாளைக்கு எங்க வீட்டுக்குத் தனியா அனுப்பாதீங்க அக்கா" என்றேன். ஒரே மூச்சில் சொன்னேன். நிறுத்தினால் சொல்லியிருக்க மாட்டேன்.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தனியா யாரு டீச்சர் அனுப்புறா? நானும் வருவேன், பக்கத்துக் காம்பரா பொன்னம்மாவும் வரும். பத்துப் பன்னெண்டு வருசமா இந்த லயத்துலருந்து எந்தப் பொம்பளப் புள்ளயும் கிளாக்கர் ஐயாகிட்டத் தனியாப் போனதில்ல."

 "யாரு சொன்னது?" என்றேன்.

"ஒங்க கூட்டாளிப் புள்ளதான். இந்தியாவுக்குப் போறதுக்கு முந்தின வாரம் பயணம் சொல்றேன்னு வந்துச்சே, அப்ப ஒவ்வொரு காம்பராவா குந்தி எல்லாத்தையும் சொல்லிட்டுத்தான் போச்சு." தேத்தண்ணிக் கோப்பையை என் பக்கம் நீட்டிக்கொண்டே தணிந்த குரலில் சொன்னார்: "ஒங்ககிட்ட மட்டும் மூச்சு விடக்கூடாதுன்னு கையில அடிச்சுச் சத்தியம் வாங்கிக்கிச்சு. 'அதுக்கு ஒண்ணுமே தெரியாது. தெரிஞ்சா அது சும்மா இருக்காது, அப்பனோட மல்லுக்கு நிக்கும், வேலையையும் விட்டுட்டு வந்துரும். பாவம், அதுவாவது டீச்சரா இருக்கட்டும்'னு சொன்னுச்சு. அதான் டீச்சர் நாங்க யாரும் ஒங்ககிட்டச் சொல்லல. மனசுல வச்சுக்காதீங்க."

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். என்னிடம்.

கோப்பையை வாங்கினேன்.  இப்படியே குடித்துவிட்டு, 'அப்படியா அக்கா, எனக்குத் தெரியாதே' என்று எழும்பி வந்திருக்கலாம். நீ எனக்கு அந்த வழியைத் திறந்து வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாய். கோப்பையைக் கீழே வைத்தேன்.

"எனக்குத் தெரியும் அக்கா" என்றேன். "அன்னைக்கே தெரியும். அது கையில இருந்த தடத்தப் பாத்தேன். சும்மாதான் இருந்தேன்."

மாரியாயி அக்கா அடுப்புக்குள் விறகைத் தள்ளினார். "அப்ப அந்தப் புள்ள ஒங்களுக்காகப் பொய் சொல்லிட்டுப் போயிருக்கு" என்றார்.  படி வரைக்கும் வந்து வழியனுப்பவில்லை.

வந்த கையோடு இதை எழுத உட்கார்ந்தேன். டவுனுக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன், நாளைக்கு வகுப்பு இல்லை. புஷ்பத்தோடு அவர்கள் வரும்போது அப்பாவின் மேசைக்குப் பக்கத்தில் நானும் உட்கார்ந்திருப்பேன். ஆனால் நாளை வரைக்கும் தள்ளிப் போட்டால் என் வாய் மறுபடி மூடிக்கொள்ளும். அடுத்த அறையில் அப்பா இருமுகிறார். நாங்கள் இன்னும் சாப்பிடவில்லை. இப்போதே போய் அவரிடம் உன் பெயரைச் சொல்லித்தான் தொடங்கப் போகிறேன். அதற்குப் பிறகு இந்த வீட்டில் என்ன நடக்கும் என்று தெரியவில்லை. தெரிந்தால் சும்மா இருக்க மாட்டேன் என்று என்னைப் பற்றி லயம் முழுக்கச் சொல்லியிருக்கிறாயே, இத்தனை பெரிய பொய்யை என் தலையில் ஏற்றிவிட்டுப் போயிருக்கிறாயே. அதைச் சுமந்துகொண்டுதான் எழும்புகிறேன்.