கொசு யார் பக்கம்?

அன்புள்ள அம்மா,

முதலில் ஆசி கொடு, மற்றதைப் பிறகு பேசலாம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நம் ஊர் போன்ஸேயில் கரண்ட் ஒழுங்காக வருகிறதா?

இத்தனை காலம் கேளிக்கைப் பூங்கா கம்பெனியே ஆண்டுவந்த எங்கள் தனி மாவட்டத்தை மாநில அரசு எடுத்துக்கொண்டதை டிவியில் பார்த்துப் பயந்தாயாம். வேலை போகவில்லை. சட்டையில் சின்னம்தான் மாறியிருக்கிறது. ஆனால் எரிச்சல் தாங்கவில்லை.

கொசு ஒழிப்பு வேலையில் நான் பார்த்துக்கொள்ளும் கோழிகள் தெரியுமே? காட்டோரக் கூண்டில் அவற்றைக் கொசு கடிக்கும். அவற்றின் ரத்தத்தைச் சோதித்தால், மூளைக்காய்ச்சல் மனிதர்களுக்கு வருமுன்பே தெரிந்துவிடும். தலைநகரிலிருந்து வந்த புது மேலாளர் டாகெட் பார்த்துவிட்டு, "கம்பெனிக்காரனுக்கு ஓசியில கோழிப்பண்ணை வேறயா?" என்றார்.

விளக்கலாமென்று மாவட்டத்தின் புது வாரியக் கூட்டத்துக்குப் போனேன். பாதிப் பேர் கம்பெனியைத் திட்டினார்கள், மீதிப் பேர் அரசைத் திட்டினார்கள். என் முறை வந்ததும் தலைவர், "நீங்க கம்பெனி பக்கமா, எங்க பக்கமா?" என்றார்.

"நான் கொசு ஆளு சார். அது யார் பக்கம்னு பாத்தா கடிக்குது?"

எல்லாரும் சிரித்தார்கள். வெள்ளிக்கிழமை கோழிகளோடு கூண்டுகளை அகற்றுகிறார்கள்.

காப்பித்தூள் அனுப்பு. இங்கேயும் நம் ஊர்த் தூள் கிடைக்கிறது, ஆனாலும் நீ அனுப்பு.

வேலைக்குப் போக வண்டி வந்துவிட்டது. இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதே. கூண்டில் ஒரு செம்பட்டைக் கோழிக்கு உன் பெயரை வைத்திருந்தேன். தினமும் காலையில் அதனிடம்தான் ஆசி கேட்பேன். அதுவும் ஏதோ முனகும். சனிக்கிழமையிலிருந்து உனக்குத்தான் போன் செய்யவேண்டும். எடுத்துவிடு.

உன் மகன்,
எஃப்ராயின்