வலமிருந்து நான்கு கட்டங்கள்

பிப்ரவரி 3, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணினால் பொறுத்துக்கொள். கூடத்தில் அப்பா இருமும்போதெல்லாம் விளக்கை அணைத்துவிடுகிறேன். உனக்கு எழுதுவது தெரிந்தால் தோலை உரித்துவிடுவார்.

படிக்கத் தகுந்தவை என்று உன் புத்தகக் கடை முதலாளி எடுத்துக் கொடுத்த இரண்டு மங்காவும், அந்த ஜப்பானியப் படக்கதைப் புத்தகங்கள், வந்தன. தையல்காரம்மா என் பள்ளிச் சீருடைக்குள் சுருட்டிக் கொடுத்தாள். அரண்மனைச் சமையல்காரனின் சரித்திரக் கதை சிரிப்பாக இருந்தது. மற்றதுதான் தூங்கவிடவில்லை. போர்க்காலத்தில் நூலாலையில் வேலை செய்த சிறுமி, எழுபது வயதில் தன் கதையைத் தானே வரைந்திருக்கிறாள். சர்க்கரை திருடியது தான்தான், அடி வாங்கியது பக்கத்துப் படுக்கைக்காரி என்பதையும் மறைக்கவில்லை. அதை வரைய எப்படி அக்கா கை வந்தது?

நானும் ஒரு பக்கம் வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். நான்கு கட்டம். வசனம் எழுத வரவில்லை. பரீட்சை முடிந்ததும் என்னை உன்னோடு அழைத்துக்கொள்வதாகச் சொன்னாயே, இதைப் பார்த்த பிறகும் அது உண்டா என்று எழுது.

பயத்துடன்,
வாலு

பிப்ரவரி 12

என் வாலுக்கு,

படத்தைச் சரக்கறையில் நின்றபடி பார்த்தேன். முதலாளி வந்து, "என்னம்மா, பார்சல் ஒட்டுற பசையைக் கண்ணுல விட்டுக்கிட்டியா?" என்றார்.

எனக்கு இடம் கிடைத்திருப்பதாக ஓவியக் கல்லூரி அனுப்பிய கடிதம் அப்பா கைக்கு எப்படிப் போனது என்று இரண்டு வருடமாக யோசித்துக்கொண்டிருந்தேன். இன்று தெரிந்தது. கட்டிலுக்கடியில் அழுகிறாய். அப்பா கை ஓங்குகிறார். பயந்து கடிதத்தை நீட்டுகிறாய். கடைசியில் அதை என் மேசை இழுப்பறையில் திருப்பி வைக்கப் பார்க்கிறாய். பதினொரு வயதுக் குழந்தையை மிரட்டிப் பிடுங்கிக்கொண்டு போய், எனக்கு இடமே வேண்டாமென்று எழுதிக் கொடுத்திருக்கிறார் மனுஷன். உன்மேல் என்னடி தப்பு?

கட்டாயம் வா. உனக்குப் பாய்கூட வாங்கிவிட்டேன்.

அன்பு முத்தங்களுடன்,
அக்கா

பிப்ரவரி 20, இரவு

அக்கா,

பாய் வாங்கிய வரியையே திரும்பத் திரும்பப் படித்தேன். இப்படியே விட்டுவிடலாம் என்று நான்கு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். சோறு இறங்கவில்லை.

நீ அந்த மங்காவைக் கட்டி அனுப்பியதோடு சரி, பிரித்துப் பார்க்கவில்லை போல. அதை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். நானும் அப்படித்தான் வரைந்தேன். நீ நம் புத்தகம் போல இடமிருந்து படித்துவிட்டாய்.

முதல் கட்டம் இழுப்பறை. யாரும் என்னைக் கேட்கவில்லை. நானே எடுத்தேன். நானே நீட்டினேன். "அக்கா நம்மள விட்டுட்டுப் போகப் போறாப்பா" என்று சொன்னதும் நான்தான். அவர் கை ஓங்கியது உன்மேல். நீ கட்டத்துக்கு வெளியே நின்றாய். அதன் பிறகுதான் கட்டிலுக்கடியில் போனேன்.

நீ போய்விட்டால் இந்த வீட்டில் நான் தனியாகிவிடுவேனே என்று பயம். "போகாதே"ன்னு ஒரு அதட்டல் போடுவார், அவ்வளவுதான் என்று நினைத்தேன். சத்தியமாக அக்கா.

இருமல் கேட்கிறது. அணைக்கிறேன்.

வாலு

மார்ச் 11

வாலு,

இரண்டு வாரமாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். கோபமில்லை என்று ஒரு கடிதம் எழுதினேன். பொய், கிழித்துப் போட்டுவிட்டேன். ஓவியக் கல்லூரிப் பெண்கள் படச் சுருளோடு கடை வாசலைக் கடந்தால் இன்னும் நான் சரக்கறைக்குள் போய்விடுகிறேன். இனி அந்த நேரத்தில் உன் முகமும் ஞாபகம் வரும். அதை நான் என்ன செய்வது?

பரீட்சை முடிந்த மறுநாள் தையல்காரம்மா உன்னைப் பேருந்தில் ஏற்றிவிடுவாள். பேசிவிட்டேன். உன்னைத் திட்ட வேண்டியது நிறைய இருக்கிறது. கடிதத்தில் திட்டினால் உன்னால் எதிர்த்துப் பேச முடியாது, அது நியாயமில்லை.

நிலையத்தில் நிற்பேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் நிற்பேன். பயந்துபோய் வண்டியிலேயே உட்கார்ந்துவிடாதே. இறங்கு.

அக்கா