மூன்றாவது பாத்தி

ஜூன் 9

அன்புள்ள புல்லுக்கட்டுக்கு,

வீடு வந்து சேர்ந்தேன். நீ இல்லாத வீட்டில் என் பூட்டை நானே திறந்தும் திருடன் மாதிரி நின்றேன். உன் புல் ஆராய்ச்சிப் பண்ணையில் இருந்த நாலு நாளில் நீ என்னோடு பேசியதைவிடப் புல்லோடு பேசியதுதான் அதிகம். பரவாயில்லை. இந்த மழைக்காலம் முடிந்ததும் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிடுவேன் என்றாயே, அது போதும். உன் அலமாரிக்கு இப்போதே பெயின்ட் அடித்துவிட்டேன்.

கிளம்பும் அன்று உனக்கொரு வேலை செய்து வைத்தேன். மூன்றாவது பாத்தியில் மட்டும் புல் காய்ந்து கிடந்தது. பார்த்தால், பாத்தி மேல் போட்ட கூரையில் விழும் தண்ணீரையெல்லாம் வெளியே கொட்டும்படி எவனோ குழாயை மாட்டியிருக்கிறான். வேலை தெரியாத பயல். உள்பக்கம் திருப்பி இறுக்கிவிட்டேன். மழை வந்ததும் பார்த்துச் சந்தோஷப்படு.

உன் குழாய்க்காரன்


ஜூன் 20

அன்புள்ள குழாய்க்காரருக்கு,

வாரம் ஒருமுறை வரும் சாமான் வண்டியில் உங்கள் கடிதம் வந்தது. மழை அதற்கு முன்பே வந்துவிட்டது.

அந்த வேலை தெரியாத பயல் நான்தான். முதல் பாத்திக்குக் கூரையே கிடையாது, முழு மழை. இரண்டாவதற்குப் பாதி மழை. மூன்றாவதற்கு மழையே கூடாது. தண்ணீர் இல்லாமல் புல் எவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கிறது, வேர் எவ்வளவு ஆழம் போகிறது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. மூன்று மழைக்காலம் தொடர்ந்து காயப்போட வேண்டும். இது மூன்றாவது. புல் என்று நான் எழுத ஆரம்பித்தாலே அந்தப் பத்தியைத் தாண்டிவிடுவீர்கள், எனக்குத் தெரியாதா?

செத்துவிட்டது என்று நினைத்த புல் ஒரே வாரத்தில் பச்சைப் பசேலென்று கணுக்கால் உயரம் நிற்கிறது. உங்கள் மேல் கொலைவெறி வந்தது. பிறகு சிரித்துவிட்டேன். சிரித்ததைச் சொல்ல ஆள் இல்லையே என்று அழுகையும் வந்தது.

எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். "வேற ஆள் போடட்டுமா?" என்று மேலதிகாரி கேட்டார். வேண்டாம், நானே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். இன்னும் மூன்று மழைக்காலம்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் புல்லுக்கட்டு


ஜூலை 2

அன்புள்ள உனக்கு,

தப்புதான். இப்போது யார் வீட்டுக் குழாயைத் திருகினாலும் கை கூசுகிறது. என்ன வேண்டுமானாலும் திட்டு.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. நான் கை வைக்காமல் இருந்திருந்தால் நீ வந்திருப்பாயா? மேலதிகாரி கேட்டதும் பட்டென்று சொன்னாயா, கொஞ்சமாவது யோசித்தாயா? இதற்கு மட்டும் பதில் எழுது.

நான்


ஆகஸ்ட் 14

அன்புள்ள புல்லுக்கட்டுக்கு,

தபால்காரர் என்னைத் தெருமுனையில் கண்டாலே கையை விரித்துவிடுகிறார். பாவம், என்னைப் பார்க்க அவருக்கே சங்கடமாக இருக்கிறது.

இனி கேட்கமாட்டேன். பதில் வந்துவிட்டதாகவே வைத்துக்கொள்கிறேன். அந்தப் பாத்தி ஓரத்தில் நீ குந்தி உட்கார்ந்திருந்தபோது உன் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. இந்த வீட்டில் நான் அதைப் பார்த்ததில்லை. அங்கே பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி வந்துவிட்டேன். ராத்திரி வீடு ரொம்பப் பெரிதாக இருக்கிறது, அவ்வளவுதான்.

இந்தப் பார்சலில் புதுக் குழாய் வைத்திருக்கிறேன். நான் இறுக்கிய இறுக்கில் பழையதன் மரை தேய்ந்திருக்கும். இதை வெளிப்பக்கம் பார்த்து மாட்டு. ஒரு சொட்டுகூட உள்ளே வராது. நான் பொறுப்பு.

உன் குழாய்க்காரன்