பாதி பாதி

அக்கா,

காலையில் ஆராய்ச்சிப் பிரிவு நர்ஸ் போன் செய்தார். அதன்பிறகு அலமாரியிலிருந்து அந்த வெள்ளை மாத்திரை டப்பாவை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இப்போது அதில் பாகல் விதை கிடக்கிறது.

காய்ச்சல் விட்ட பிறகும் நம் இருவருக்கும் மூச்சு வாங்கியது. இதயத் தசையில் வீக்கம் என்றார்கள். வீக்கத்தை வற்றவைக்கும் மருந்து ஒன்று இதற்கும் உதவுமா என்று சோதிப்பதாகவும், பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு அதே போன்ற வெறும் மாவு மாத்திரை, யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது என்றும் சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். நீங்கள் வேதாரண்யம் பக்கம், நான் திருவையாறு. ஆற்றுத் தண்ணீர் எங்கள் வயலுக்குப் போக மிச்சம்தான் உங்களுக்கு. ஆஸ்பத்திரியில் சந்தித்த முதல் நாளே, "என்னடி தலைமடைக்காரி, கடைமடைக்கு ஏதாச்சும் விட்டு வச்சிருக்கியா?" என்று என் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தவர் நீங்கள்.

இரண்டாம் மாதம் எனக்கு மூச்சு சீரானது. உங்களுக்குக் கால் வீக்கம் வடியவில்லை. மருந்து வாங்கிய கையோடு பெஞ்சில் உட்கார்ந்து உங்கள் டப்பாவைத் திறந்து நீட்டினீர்கள்.

"எது மருந்து, எது மாவுன்னு யாரு கண்டா? இதுல பாதிய நீ எடுத்துக்க, உன்னுதுல பாதிய எனக்குக் குடு. ரெண்டு வயலுக்கும் கொஞ்சமாச்சும் பாயட்டும்."

"கூடாதுக்கா. மாத்திச் சாப்பிட்டா சோதனையே கெட்டுப்போயிடும்."

சொன்னது நியாயம்தான். ஆனால் நியாயத்துக்காகச் சொல்லவில்லை. எனக்குக் குணமாகிறது, அப்படியென்றால் நிஜ மருந்து என்னிடம்தான் என்று நினைத்தேன். கொடுக்க மனசு வரவில்லை. பைக்குள் என் கை டப்பாவை இறுக்கியதை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். "சரி விடு, பயந்துட்டா" என்று சிரித்தபடி மூடியைத் திருகினீர்கள். கால் வீக்கத்தை டாக்டரிடம் சொன்னீர்களா என்றுகூடக் கேட்காமல் நான் பஸ்ஸுக்கு எழுந்தேன். வெட்கமாக இருக்கிறது அக்கா.

அடுத்த முறை நீங்கள் வரவில்லை. நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டதாக நர்ஸ் சொன்னதைக் கேட்டு, திருப்பித் தரவேண்டிய காலி டப்பாவோடு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சோதனை முடிந்து, யாருக்கு எது என்று இப்போது சொல்கிறார்கள். எனக்குக் கொடுத்தது மாவு. தானாகத்தான் குணமாகியிருக்கிறேன். உடனே உங்கள் மகளைக் கூப்பிட்டேன். அவளுக்கும் போன் வந்திருந்தது.

"அம்மாவுக்கு நிஜ மருந்துதானாம் சித்தி. அப்பவும் கேக்கல, பாருங்க."

நான் பங்கு தராததால் உங்களுக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஆனாலும் ஆறுதல் வரவில்லை. பைக்குள் கை விடும்போதெல்லாம் அந்த இறுக்கம் தெரிகிறது. நான் ஒளித்துக்கொண்டது மாவு அக்கா. நீங்கள் நீட்டியது மருந்து.