பைபாஸிலும் கரகரப்பு

நவம்பர் 10, திங்கள்
விடியலிலிருந்தே மழை. பெருங்களத்தூர் சிக்னலில் முக்கால் மணி நேரம். ஆபீஸ் லேட், திட்டு. போகட்டும். பெட்டி வந்துவிட்டது! அனலாக் டிஸ்டார்ஷன். நல்ல சத்தத்தை உள்ளே விட்டால் கரகரவென்று கிழித்து வெளியே தரும். நானும் முரளியும் இரண்டு வருடமாக எலக்ட்ரானிக் இசை செய்கிறோம். மாதக் கடைசியில் முதல் மேடை. மிக்ஸிங் என் பொறுப்பு.

ஷமீமா எட்டிப் பார்த்தாள். "இருக்கிற இரைச்சல் போதாதுன்னு இதுக்கு ஒரு மெஷினா?" கட்டிக்கொண்டவளுக்கு இதுகூடக் கேட்க உரிமை இல்லையா.

நவ. 11
கையேடு, முதல் பக்கம்: பைபாஸில் வைத்து, அதாவது பெட்டி கை வைக்காமல், சுத்தமான சத்தத்தை முதலில் கேட்டுப் பழகவும். வைத்தேன். ஹெட்போனில் இடது பக்கம் கரகரப்பு. பைபாஸிலேயே! வந்த மறுநாளே பழுதா? எரிச்சல்.
செய்தவை:
– கேபிள் மாற்றினேன்
– பிளக் மாற்றினேன்
– கரண்ட் இரைச்சலோ என்று ஃபிரிட்ஜை அணைத்தேன் (மறந்தே போனேன். பால் கெட்டது. ஷமீமாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்)
கரகரப்பு அப்படியே.

நவ. 13
கோவிலம்பாக்கத்திலிருந்து முரளி நனைந்துகொண்டே வந்தான். ஹெட்போனை மாட்டிக் கேட்டான்.
"இன்னா மச்சான், கிளீனாத்தான் கீது. சும்மா பேஜார் பண்ணிக்கினு."
"லெஃப்ட்ல கேளுடா."
"ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான் கீது."
அவன் போன பிறகு ஹெட்போனை இடம் வலம் மாற்றி மாட்டினேன். பழுது பெட்டியிலோ ஹெட்போனிலோ என்றால் கரகரப்பு வலது காதுக்கு வர வேண்டும்.
வரவில்லை. இடதிலேயே நின்றது.
கழற்றினேன். வலது காதைப் பொத்திக்கொண்டு கேட்டேன். ஃபேன், ரயில் ஹார்ன், குக்கர் விசில், எல்லாமே கரகர. யா அல்லாஹ்.

நவ. 14, வெள்ளி
ஜும்ஆ முடிந்து தாம்பரத்தில் காது டாக்டர். கண்ணாடி அறை, பீப் சத்தம், கையில் பட்டன். "லெஃப்ட்ல நரம்பு அடிவாங்கியிருக்கு. ஹெட்போன் பழக்கம் உண்டா?" உண்டு சார், பதினைந்து வருடம். "போனது திரும்பாது. மிச்சத்தைக் காப்பாத்துங்க."
சத்தத்தைக் குறைங்க, குறைங்க என்று ஷமீமா எத்தனை தடவை தலையால் அடித்துக்கொண்டாள்! மடையன். முரளிக்கு போன், மேடைக்கு வேறு ஆள் பார் என்று. "லூசா நீ?" என்றான்.

நவ. 16, ஞாயிறு
மழை விட்டது. குளிக்கப் பிடிக்கவில்லை, எதுவுமே பிடிக்கவில்லை.
"எப்படித்தாங்க கேக்குது?" என்றாள் ஷமீமா. சொல்லத் தெரியவில்லை. 'சாப்பிட வாங்க' என்று அவளைச் சொல்லவிட்டுப் பதிவு செய்தேன். இடது காதில் அதை அப்படியே விட்டேன், வலது காதில் பெட்டி வழியாக. இரண்டும் ஒன்றுபோல் கேட்கும்வரை குமிழ்களைத் திருகினேன். டிரைவ் முக்கால், டோன் பாதிக்குக் கீழே. இந்தப் பெட்டியில் நான் பிடித்த முதல் செட்டிங்.
வலது பக்கத்தை அவள் காதில் வைத்தேன்.
"இதுவா என் குரல்?"
"என் இடது பக்கம் இருந்து நீ பேசினா, ஆமா."
ஹெட்போனை என்னிடமிருந்து வாங்கிக் கீழே வைத்தாள். பிறகு எழுந்து வந்து என் வலது பக்கம் உட்கார்ந்தாள்.