சேலையைக் கழிக்காத எடை

அன்பு மகள் பிரிஸில்லாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். மாதா தயவில் நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம்; அந்த அயர்லாந்துக் குளிரில் நீயும் மருமகனும் குட்டி ஜெனிஷும் குறையில்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் செபத்தில் கேட்கிறேன். அப்பாவுக்கு முட்டுவலி குறையவில்லை, ஆனாலும் விடிந்ததும் ஆற்றுமுகம் போய்ப் படகுகளைப் பார்க்காவிட்டால் அவருக்குக் காப்பி இறங்காது. போனில் நீ அழுததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. ஜெனிஷ் இரண்டு கிலோவில் பிறந்தான், எட்டு மாதமாகியும் வளர்ச்சிக் கோடு கீழேயே போகிறது, டாக்டர் உன் பிறந்த எடையையும் கேட்டாராம், நீ இரண்டரை என்று உன் அங்கன்வாடி எடை அட்டையைக் காட்டினாயாம், அப்படியானால் கோளாறு என் பாலிலா சமையலிலா என்று கேட்டாயே. அந்த அட்டையை எழுதியது அங்கன்வாடி டீச்சராக இருந்த நான்தானே.

நீ பிறந்தது ஐப்பசி மழையில், வீட்டிலேயே. மூன்றாம் நாள் எங்கள் அங்கன்வாடி ஆயா தராசைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உத்திரத்தில் மாட்டி, என் பழைய நூல்சேலையில் தூளி கட்டி உன்னைப் போட்டோம். முள் இரண்டரையில் நின்றது. நீ ஒரு கொட்டாவி விட்டாய், அந்தக் குட்டி வாய் இப்போதும் கண்ணிலேயே நிற்கிறது. ஆயா, "யக்கா, சேல எடைய கழிக்கலியே" என்றாள். சேலை அறுநூறு கிராம். ஊர்த் தாய்மாரிடம் பிறக்கும் பிள்ளை இரண்டரைக்குக் குறையக் கூடாது என்று வாய் கிழியப் பேசியவள் நான். என் பிள்ளையே குறைந்தால் எவள் என் பேச்சைக் கேட்பாள் என்று வெட்கம். "சும்மா கெட, ரெண்டரைன்னே இருக்கட்டும்" என்று அவள் வாயை அடைத்துவிட்டேன்.

அடுத்த மாதத்திலிருந்து சேலையைக் கழித்துத்தான் எழுதினேன், முதல் எடை பொய்யாகக் கூடியிருந்ததால் உன் கோடு படுத்துவிட்டது. நான் போட்ட கோட்டைப் பார்த்து நானே பயந்து, பின்னால் சத்துமாவுக் கூழை மூக்கைப் பிடித்து ஊட்டினேன். நீ கக்குவாய், அதற்கு அடித்தும் இருக்கிறேன். நீ சின்னதாய்ப் பிறந்து உன் போக்கில் நன்றாகத்தான் வளர்ந்துகொண்டிருந்தாய், ஜெனிஷும் உன்னைப் போலத்தான் இருப்பான். நேற்றுதான் அப்பாவிடம் சொன்னேன். "அவ அங்க அந்தப் பிள்ளைய ஊட்டி ஊட்டியே பாடாப் படுத்துதா, எழுதிப் போட்டுரு" என்றார். இந்தக் கடிதத்தை அவர்தான் போட்டோ எடுத்து அனுப்புகிறார்.

உடன்குடிக் கருப்பட்டி பார்சலில் வருகிறது, அது உனக்கு, பிள்ளைக்கு இல்லை. ஜெனிஷுக்குப் போதும் என்று முகத்தைத் திருப்பினால் விட்டுவிடு. மூவரையும் மாதா காப்பாற்றட்டும். மறக்காமல் டாக்டரிடம் உன் பிறந்த எடை ஒரு கிலோ தொள்ளாயிரம் என்று திருத்தச் சொல். முதலில் ஏன் மாற்றிச் சொன்னாய் என்று கேட்டால், என் அம்மா பொய் எழுதினாள் என்று சொல்லிவிடு.

உன் அம்மா,
ஃபிளோரா