ஒன்றின் மேல் ஒரு கொடி

16 ஜூலை 2006, ஞாயிறு
மாதாகோயிலில் காலை ஐந்தரை மணிப் பூசை முடிந்து நேராக முத்தியால்பேட்டை. அஞ்சல்வழியில் படிப்பவர்களுக்கு அங்கே ஞாயிறு வகுப்பு. பட்டத்துக்கு மீதி ஒரே தாள்: கணிப்பியல் கோட்பாடு. போன முறை தோற்றேன். நானா தோற்பது! பதினேழு வயதில் கல்யாணம் செய்து அனுப்பும்வரை கான்வென்டில் கணக்கில் எனக்கு மேல் ஒருத்தி இருந்ததில்லை. ஒரு விடையும் தவறில்லை என்று இன்றும் சொல்வேன். பிறகு ஏன்? இந்த ஆண்டோடு என் பதிவு காலாவதி. இனி ஒரு தேர்வுதான்.

பக்கத்தில் உட்கார்ந்தவள் தாமரைச்செல்வி. சேதராப்பட்டில் தொழிற்சாலை வேலை. "ஆயா, கொஞ்சம் தள்ளிக்குங்க" என்றாள். மதாம் என்று கூப்பிடச் சொன்னேன்.

23 ஜூலை
ஆசிரியர் ராஜாங்கம் சின்ன வயது. கரும்பலகையை மேலிருந்து கீழாகத் துடைக்கிறார்; பிடித்தது. வட்டங்கள், அம்புகள். 0 வந்தால் இந்த வட்டம், 1 வந்தால் அந்த வட்டம். எந்த வழியாக வந்தோம் என்பது இந்த இயந்திரத்துக்கு நினைவிருக்காதாம். நிற்கும் இடம் மட்டும் தெரியும். கொடுத்துவைத்தது.

6 ஆகஸ்ட்
கால் வீக்கம். போகவில்லை.

20 ஆகஸ்ட்
வகுப்புத் தேர்வுத் தாள் திரும்பி வந்தது. பக்கமெல்லாம் சிவப்புச் சுழி.

"மதாம், படமெல்லாம் சரி. ஆனா 7 எங்கேருந்து வந்துச்சு? இந்த மிஷினுக்கு 0, 1 ரெண்டே எழுத்துதான். மூணாவது ஒண்ணு வந்தா அங்கயே நின்னுடும்."

"அது ஏழு இல்லை. ஒன்று. என் ஏழுக்கு இடுப்பில் கோடு உண்டு."

"அது உங்களுக்குத் தெரியும். திருத்துறவங்களுக்கு?"

தாமரைச்செல்வி எட்டிப் பார்த்தாள். "மேல கொடி கட்டின மாதிரி இருக்கு மதாம். ஐம்பத்துநாலுலயே இங்க பிரெஞ்சுக் கொடிய இறக்கிட்டாங்களே, நீங்க இன்னும் இறக்கலையா?" வகுப்பே சிரித்தது. ராஜாங்கமும்.

அப்போ போன முறையும் இதுதானா? ஒரு வருஷம்... சும்மா போச்சே. எவனோ ஒருத்தன் என் ஒண்ண ஏழுன்னு படிச்சிட்டுப் போயிட்டான்.

21 ஆகஸ்ட்
ஒன்றின் மேல்கோடு அடிக்கோட்டிலிருந்து கிளம்ப வேண்டும் என்பார் எங்கள் பிரெஞ்சு கான்வென்டின் கன்னியாஸ்திரி மா மேர் அன்ஸெல்ம். பாதியில் கிளம்பினால் சிலேட்டைத் துடைத்துவிட்டுப் போய்விடுவார். அவரும் அப்படித்தான் எழுதுவார், என் கணவர். அவர் படித்தது பிரதர்கள் பள்ளி. மாலையில் பெலோத் சீட்டு ஆடும்போது சுண்ணாம்புக்கட்டியால் புள்ளிகளைப் போடுவோம். யார் எழுதியது எதுவென்று எங்களுக்கே தெரியாது. அதை வைத்தே ஏமாற்றுவார், கள்ளன். அவர் போனபின் இந்தத் தெருவில் அந்த ஒன்றை எழுதுகிறவள் நான் மட்டும்.

மாற்ற மாட்டேன்.

27 ஆகஸ்ட்
வழி கண்டுபிடித்தேன். குறி எதுவாகவும் இருக்கலாம், முதலில் அறிவித்துவிட வேண்டும் என்று பாடமே சொல்கிறது. தாளின் தலையில் என் ஒன்றை வரைந்து, "இது ஒன்று" என்று எழுதிக் காட்டினேன். ராஜாங்கம் வாங்கிப் படித்தார்.

"கோட்பாட்டுப்படி உங்க பக்கம்தான் நியாயம். ஆனா ஒரு கட்டு பேப்பர முன்னால வச்சிக்கிட்டு உக்காந்திருக்கிறவர் தலைப்பப் படிக்கணுமே. பந்தயம் கட்டுறீங்களா?"

பந்தயத்துக்கு என்னிடம் இன்னொரு ஆண்டு இல்லை.

3 செப்டம்பர்
வெறும் கோடு. மொட்டையாக நிற்கிறது. ஒரு பக்கம் எழுதினேன். கை தானாக மேலே போய்விடுகிறது.

17 செப்டம்பர்
தாமரைச்செல்வி பக்கத்தில் உட்கார்ந்து, என் பேனா மேலே போகும்போதெல்லாம் "கொடி!" என்கிறாள். பதிலுக்கு அவளுடைய நிரூபணங்களில் விட்டுப்போன படிகளை நான் சொல்கிறேன். இன்று அவள் எட்டு முறை சொன்னாள், நான் பதினொன்று.

8 அக்டோபர்
தேர்வு. எல்லாம் வெறும் கோடு. ஒரே ஒரு இடத்தில் கை போய்விட்டது, அடித்துத் திருத்தினேன். அடித்தல் திருத்தல் என் தாளில் இதுவே முதல்.

19 டிசம்பர்
தேறிவிட்டேன். வகுப்பில் முதல். தாமரைச்செல்விக்கும் பாஸ். போனில் அழுதாள். நான் அழவில்லை.

14 ஜனவரி 2007
தூலூஸிலிருந்து மகன் அழைத்தான். புத்தாண்டு அட்டையோடு மதிப்பெண் பட்டியலின் நகலை வைத்து அனுப்பியிருந்தேன். எடுத்ததும், "அம்மா, உடம்பு நல்லாத்தான இருக்கு?" "உறை மேல அட்ரஸ் யாரு எழுதினது? நம்பர்ல ஒண்ணெல்லாம் மொட்டையா இருக்கிறதப் பாத்துட்டு உன் கைக்கு ஏதோ ஆயிடுச்சின்னு நெனச்சேன். பிரிக்கவே பயமா இருந்துச்சு."

நான்தான் எழுதினேன் என்றேன்.

நம்பவில்லை. பிரித்துப் பார் என்றேன்.